ஆவுடைக்காக ஒரு மனு

பாளையங்கோட்டை
14.2.1994

அன்புள்ள விஜிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அத்தானுக்கும் ஆவுடைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் குருபிரசாத்துக்கும் அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

வேலை மாறியதாக எழுதியிருந்தாய். மூளை வளர்ச்சி குறைந்த பெரியவர்கள் எட்டுப் பேர் தங்கியிருக்கும் இல்லம், அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று இரண்டே வரி. எம்.ஏ. படித்துவிட்டு இதையா செய்கிறாய் என்று நான் கேட்பேனோ என்று பயந்து சுருக்கியிருக்கிறாய். நான் அதைக் கேட்கப்போவதில்லை. எனக்கு அந்த இரண்டு வரி போதவில்லை, அவ்வளவுதான்.

ஆவுடைக்கு வரும் ஆனியில் பதினாறு முடிகிறது. நீ பார்த்தபோது இருந்ததைவிட நன்றாகவே இருக்கிறாள். பிச்சியும் கனகாம்பரமும் கலந்து நெருக்கமாகக் கட்டுகிறாள். தெருமுனையில் ஹபீப் முகம்மது கடைக்குத் தனியாகப் போய் வருகிறாள். ஒரு விஷயத்தை நாலைந்து தடவை காதில் வாங்கிவிட்டால் அப்படியே ஒப்பிக்கிறாள். ஜங்ஷனிலிருந்து சமாதானபுரம் வரைக்கும் டவுன் பஸ் கண்டக்டர் கத்துகிற நிறுத்தங்களை வரிசை மாறாமல் சொல்லுவாள். ஆனால் இன்று என்ன கிழமை என்று கேட்டால் சிரிப்பாள்.

போன வாரம் முக்கூடலில் உன் அத்தானின் தம்பி கட்டிய புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். பெரிய வீடு. கொழுந்தன் மனைவி ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. "இப்போதைக்கு இங்கன அரிசி மூட்டை போட்டிருக்கோம் யக்கா. பின்னால ஆவுடைக்கு ஆகும்லா" என்றாள். ஜன்னல் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னாள். கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

அதனால்தான் கேட்கிறேன். அந்த எட்டுப் பேரும் எப்படி இருக்கிறார்கள்? காலையில் என்ன செய்கிறார்கள்? அவர்களுடைய அம்மாக்கள் வந்து பார்ப்பார்களா? விரிவாக எழுது.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் அக்கா
அனுராதா


மெல்போர்ன்
20.3.1994

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் எல்லோரும் நலமா? அத்தானின் முதுகுவலி தேவலையா? ஆவுடைக்குச் சித்தியின் முத்தங்கள்.

நீ கேட்டபடி விரிவாகவே எழுதுகிறேன். இல்லம் என்றால் நம் ஊரில் நினைப்பது போல இல்லை. தெருவில் மற்ற வீடுகள் மாதிரி இதுவும் ஒரு வீடு. பெயர்ப்பலகை கிடையாது. ஆளுக்கு ஓர் அறை. லின் என்று ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், தன் அறைக்குப் பளீரென்று மஞ்சள் பெயின்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்து அடிக்க வைத்தாள். வாரத்தில் நாலு நாள் ஒரு செடிப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள். அவளைக் கூட்டிப்போக வரும் பஸ்ஸின் படி தரை வரைக்கும் தானாக இறங்கும். பிறந்தநாள் வந்தால் கேக், ஊதுவதற்கு மெழுகுவர்த்தி, அவளுக்குப் பிடித்த பாட்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டார். நம் ஊர் வழக்கத்தில் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லப் போனேன். "நான் லின்னைக் கேட்டேன்" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு யோசித்தால், நம் ஆவுடையிடம் யாராவது ஒரு டாக்டர் நேராகப் பேசியிருக்கிறாரா அக்கா?

இங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். எந்த ஆபீசிலும் யாரும் நாளைக்கு வா என்று சொல்வதில்லை. குறை என்று பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைதான். இவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் தெருவே மூடின மாதிரி இருக்கும். இரண்டு அறையிலும் ரேடியோவைப் போட்டு வைப்பேன். அது என் கஷ்டம், லின்னுக்கு அது இல்லை.

நீங்கள் ஏன் இங்கே வந்துவிடக் கூடாது? உடன்பிறந்தவர்களை அழைத்துக்கொள்ள ஒரு பிரிவு இருக்கிறது. நீ கணித ஆசிரியை, பி.எட். படித்தவள். உன் பெயரில் விண்ணப்பம் போடலாம். சும்மா சொல்லவில்லை, விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
விஜயஸ்ரீ


பாளையங்கோட்டை
24.4.1994

அன்புள்ள விஜிக்கு,

நலம். இங்கே அக்கினி வெயிலுக்கு முன்னாலேயே தாங்கவில்லை. உனக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காது அடைப்பு வராமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். "ஏளா, அம்பது வயசுல நான் அங்கன போய் என்ன செய்ய? அந்த ஊர்ல மனு குடுக்கவாவது ஆள் இருக்கானா?" என்றார். அவருக்கு வேறு உலகம் தெரியாது. ஸ்ரீவைகுண்டம் தாலுகா ஆபீசில் சேர்ந்ததிலிருந்து இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் மனுக்களைப் படித்துப் பிரித்துப் போடுவதுதான் அவர் வேலை. எந்த மனுவைப் படித்தால் அதிகாரி பேனாவைக் கீழே வைப்பார், எதைப் படிக்காமலே தள்ளுவார் என்று அவருக்கு அத்துப்படி. தெருவில் முதியோர் பென்ஷன், பட்டா எதுவானாலும் "நாதன் சார் கையால எழுதுனா கெடைக்கும்" என்று நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

உன் பட்டியலுக்குப் பதிலாக நானும் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். டாக்டர் ஆவுடையிடம் பேசியதில்லை, நீ சொல்வது சரி. ஆனால் போன மாதம் அவள் கடைக்குப் போன நேரத்தில் சாலையில் ஒரு ஊர்வலம். ஹபீப் பாய் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "எனக்கென்ன, கடை ஓடியா போகும்?" என்றார். அதே தெருவில் டியூஷனுக்குப் போகும் பையன்கள் அவள் நடக்கிற மாதிரி நடந்து காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே தெருதான்.

பிறகு ஒன்று நடந்தது. அத்தான் யாரிடமோ விசாரித்து, ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு விடுதிக்கு எங்களைக் கூட்டிப் போனார். பெயர் வேண்டாம். சுற்றிலும் வாழைத் தோட்டம். தரை சுத்தமாக இருந்தது. பொறுப்பாளர் சாவியை எடுத்துக் கூடத்தைத் திறந்தார். ஆணும் பெண்ணும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை. "நல்ல பிள்ளைங்க சார், சத்தமே போடாதுங்க" என்றார். ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டேன். அவர் உதவியாளைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளுக்கும் தெரியவில்லை. ஆவுடை மட்டும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பஸ் நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அத்தான் என் பக்கம் திரும்பினார். "விஜியை அந்த விண்ணப்பப் பாரத்தை அனுப்பச் சொல்லு" என்றார்.

அனுப்பு. நான் கேட்டதில் ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. லின்னுடைய அம்மா வருவாளா?

அன்புடன்
அக்கா


மெல்போர்ன்
12.6.1994

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். அத்தானின் மனம் மாறியதைப் படித்து அழுதுவிட்டேன். இவர் கூடப் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை இரண்டு முறை கேட்டார்.

பாரங்கள் தனிக் கவரில் வருகின்றன. அழைப்பவள் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிப்பு, வேலை, வயது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். உனக்கு நாற்பத்தைந்து முடிந்துவிட்டால் மதிப்பெண் குறைந்து தகுதி போய்விடும். அடுத்த வருடம் ஐப்பசி வரைக்கும் உனக்குக் காலம். ஒரு முறைதான் போட முடியும் என்று வைத்துக்கொள்.

ஆவுடைக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. மெட்ராஸில் அவர்களே டாக்டரைச் சொல்வார்கள். அவளுடைய குறை லேசானது, தன் காரியங்களைத் தானே செய்துகொள்வாள் என்று அவர் எழுதிவிட்டால் போதும். அப்படி வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பயப்படாதே.

என் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். பெரிய ஜன்னல், கிழக்குப் பார்த்தது. ஆவுடைக்கு என்ன நிறம் பிடிக்கும்?

மற்றதையெல்லாம் நீ இங்கே வந்த பிறகு உட்கார்ந்து பேசுவோம்.

அன்புத் தங்கை
விஜி


பாளையங்கோட்டை
11.9.1994

அன்புள்ள விஜிக்கு,

எல்லோரும் சுகம். உனக்கு இருமல் என்று குருபிரசாத் எழுதியிருந்தார். சித்தரத்தை அனுப்பினால் சுங்கத்தில் விடுவார்களா?

எல்லாம் முடிந்தது. போன மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் மூவரும் மெட்ராஸ் போய் வந்தோம். டாக்டர் ஒரு பெண்மணி. எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"வீட்டுல என்னம்மா செய்வே?"

"பூ கட்டுவேன். துணி மடிப்பேன். அப்பாக்கு வெத்தல எடுத்துக் குடுப்பேன். அம்மா தூங்குனா பைய நடப்பேன்."

முதல் மூன்றும் நான் சொல்லிக்கொடுத்தவை. கடைசியில் சொன்னது அவளாகச் சொன்னது. டாக்டர் வெளியே வந்து, "நல்லா வளத்திருக்கீங்க" என்று சொன்னார். நீ எழுதியிருந்தது போலத்தான் அறிக்கை தருவார் என்று தெரிந்தது.

அடுத்து அத்தானின் வேலை. பாரத்தோடு வெறும் சான்றிதழ்களை மட்டும் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மனு வைக்காமல் எந்தத் தாளும் மேசைக்கு மேசை நகராது என்பது அவர் அனுபவம். பத்து நாள் ஆபீசிலிருந்து வந்ததும் அதுதான் வேலை. முதலில் தமிழில் எழுதினார். அடுத்த வீட்டு வைத்தியலிங்கம் அண்ணாச்சி கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் ஆங்கிலத்தில் பெயர்த்தது. தினமும் சாயங்காலம் வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்து கேட்பார்.

"நாதன், 'கண்ணீரோடு'ங்கது ஒரு தடவதானவே வருது?"

"இன்னொண்ணு கடைசிப் பாராவுக்கு வச்சிருக்கேன் அண்ணாச்சி."

"அப்பம் சரி. வாசியும்."

கேட்க வந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹபீப் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். ஆவுடை அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாசித்து முடிந்ததும் ஆளாளுக்கு அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு ஒரு இடம் உறுத்தியது. "அவதான் தானா சாப்பிடுதாளே, ஏன் இப்படி எழுதுதீங்க?" என்று கேட்டேன்.

"மனுன்னா அப்படித்தான்ளா. உள்ளத உள்ளபடி எழுதுனா கீழ போட்டுட்டு அடுத்தத எடுப்பான். எத்தன ஆயிரம் நான் பாத்திருக்கேன். மனசு எளகணும். எளகுனாத்தான் கையெழுத்து."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எல்லாம் ஒரே கவரில் பதிவுத் தபாலில் போய்விட்டது.

உடம்பைக் கவனி.

அக்கா


மெல்போர்ன்
2.10.1994

அன்புள்ள அக்கா,

நலம். இருமல் போய்விட்டது. ஆவுடை டாக்டரிடம் பேசியதைப் படித்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

அத்தான் எழுதிய மனுவின் நகல் இருந்தால் உடனே அனுப்பு. தமிழில் இருந்தாலும் பரவாயில்லை.

விஜி


பாளையங்கோட்டை
30.10.1994

அன்புள்ள விஜிக்கு,

சுகம். உன் கடிதம் இத்தனை சின்னதாக வந்ததில்லை. வேலை அதிகமோ?

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு உறுத்திய இடமும் அதில்தான் இருக்கிறது: "நாறும்பூநாதன் ஆகிய நான், கருணையே உருவான ஐயா அவர்களின் பாதங்களில் கண்ணீரோடு சமர்ப்பிப்பது. என் மகளுக்கு ஒன்றுமே தெரியாது. தானாக உண்ணத் தெரியாது, உடுத்தத் தெரியாது. இரவும் பகலும் ஒருவர் கூட இருந்து தாங்க வேண்டும். எங்கள் காலத்துக்குப் பின் இந்த அபலைக்கு யாரும் இல்லை. ஐயா அவர்கள்தான் தாயும் தகப்பனுமாக இருந்து..." இப்படியே மூன்று பக்கம். ஏன் கேட்டாய் என்று நீ எழுதவில்லை.

தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போனோம். ஆவுடைக்காக அத்தான் பிச்சைக்கார வேஷம் நேர்ந்திருந்தார். கிழிந்த வேட்டியும் கையில் தட்டுமாகத் தெருத் தெருவாகப் போய் வாங்கி அம்மனுக்குச் செலுத்தினார். ஆபீஸ் பியூன் ஒருவன் எதிரில் வந்து, "சார், நீங்களா?" என்று திகைத்து நின்றான். "இன்னைக்கு சார் இல்லலே, போடு" என்று தட்டை நீட்டினார். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அதில் கூச்சமே இல்லை. கேட்பதில் என்ன கூச்சம் என்பார்.

பதில் போடு. ஆவுடைக்குப் பிடித்த நிறம் ரோஸ்.

அக்கா


பாளையங்கோட்டை
22.1.1995

அன்புள்ள விஜிக்கு,

தீபாவளி போய்ப் பொங்கலும் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் இருவரும் சௌக்கியம் என்பதை மட்டுமாவது எழுது. அண்ணாச்சி தினமும் தபால்காரரை நிறுத்திக் கேட்கிறார். ஆவுடை, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய எந்தக் கவரைக் கண்டாலும் சித்தி என்கிறாள்.

நான் எதையாவது தவறாக எழுதிவிட்டேனா? லின்னின் அம்மாவைப் பற்றி நான் மறுபடி கேட்டது உனக்கு வருத்தமா?

அக்கா


மெல்போர்ன்
12.2.1995

அன்புள்ள அக்கா,

இருவரும் சௌக்கியம். மன்னித்துக்கொள், இல்லத்தில் ஆள் குறைவு, எனக்கு இரட்டை ஷிப்டு. இந்த வருடம் வெயில் அதிகம். லின் தொப்பி போடாமல் பண்ணையில் நின்று முகமெல்லாம் சிவந்து உரிந்துவிட்டது. முற்றத்துக் கறிவேப்பிலைக் கன்று ஒருவழியாகத் துளிர்விட்டிருக்கிறது.

மனு கிடைத்தது. அத்தானின் தமிழ் எப்போதும் போல.

பின்னறைக்கு ரோஸ் அடித்துவிட்டேன்.

விஜி


பாளையங்கோட்டை
26.3.1995

அன்புள்ள விஜிக்கு,

உடம்பு எல்லோருக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் பதில் வந்தது. என் மதிப்பெண்கள் போதுமாம். ஆனால் மகளுக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் கவனிப்பு அந்த நாட்டு மக்களுக்குப் பெரும் செலவாகும் என்பதால் அவளுக்கு அனுமதி இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இல்லையென்றால் எல்லோருக்குமே இல்லை. மரியாதையான கடிதம். ஒரு கடுமையான சொல் கிடையாது.

அத்தான் அதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்ல இவளுக்குச் செலவே கிடையாதுளா. படிக்கட்டுக்குக் கீழ ஒரு ரூம், அவ்வளவுதான். அங்கன நல்லாப் பாப்பான், அதனால கணக்குப் பாக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இன்னும் நல்லா எழுதியிருக்கணும். மூணு பக்கம் பத்தல" என்றார். இன்று சாயங்காலமே வெள்ளைத்தாளோடு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியும் வந்துவிட்டார்.

அந்த டாக்டர் நல்லபடியாகத்தானே எழுதியிருப்பார்? எங்கே தவறிற்று? யாரிடமாவது விசாரித்து எழுது.

அக்கா


மெல்போர்ன்
16.4.1995

அன்புள்ள அக்கா,

நீ திடமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம்.

போனில் இதைச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். வக்கீல் ஒருவர் மூலம் கோப்பைப் பார்க்க முடிந்தது. டாக்டரின் அறிக்கை நன்றாகவே இருக்கிறது: லேசான குறை, தன் காரியங்களைத் தானே செய்கிறாள், வேலை பழக்கலாம். அதற்கு மேல் அத்தானின் மனு. அதில் உண்ணத் தெரியாது, உடுத்தத் தெரியாது, இரவும் பகலும் ஒருவர் வேண்டும் என்ற இடங்களில் பென்சிலால் கோடு. டாக்டர் அரை மணி நேரம் பார்த்தவர், பெற்றோர் பதினாறு வருடம் பார்த்தவர்கள், ஆகவே பெற்றோர் சொல்வதையே எடுத்துக்கொண்டோம் என்று குறிப்பு. இரவும் பகலும் ஓர் ஆள் என்றால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே யாரும் தன் பிள்ளையைப் பற்றிக் குறைத்து எழுத மாட்டார்கள் அக்கா. எழுதினால் அது உண்மை என்றே நம்புவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, மனு எதுவும் வைக்காதே என்று நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நகல் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே எழுதியிருந்தால் முடிவுக்கு முன் ஏதாவது செய்திருக்கலாமோ என்னவோ. அத்தானை நினைத்துப் பேனாவை எடுக்க முடியவில்லை.

மறுபரிசீலனைக்கு நான் மனு... பார், எனக்கும் அந்த வார்த்தைதான் வருகிறது. நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். இன்னொரு டாக்டர் பார்ப்பார். ஆனால் முன்பு எழுதியது உண்மையல்ல, இரக்கத்துக்காக மிகைப்படுத்தியது என்று அத்தான் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அவள் என்னென்ன செய்வாள் என்றும் உள்ளபடி ஒரு தாளில் எழுதித் தரட்டும். அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். புது மனு எதையும் தபாலில் சேர்க்க விடாதே.

இன்னொன்று. லின்னுடைய அம்மா அடுத்த பேட்டையில்தான் இருக்கிறாள். நான் அவளைப் பார்த்ததில்லை. மற்ற ஏழு பேருக்கும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு கார்டு வரும். இதைச் சொன்னால் நீ வரமாட்டாய் என்று மறைத்தேன். ஒருவேளை கிடைக்காமல் போனால், கிடைக்காதது அப்படி ஒன்றும் சொர்க்கமில்லை என்று நினைத்துக்கொள்ளேன்.

விஜி


பாளையங்கோட்டை
13.8.1995

அன்புள்ள விஜிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உடல்நலம் இல்லை. எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

முதலில் லின்னின் அம்மாவைப் பற்றி. நீ நினைத்த காரணத்துக்காக நான் அதைக் கேட்கவில்லை. அம்மா வராத பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நான் விசாரித்துக்கொண்டிருந்தது நான் இல்லாத காலத்தைப் பற்றி. யாரும் வராமலேயே ஒருத்தி மஞ்சள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வெயிலில் நின்று முகம் உரிகிறாள், அதை இன்னொருத்தி கவனித்து எனக்கு எழுதுகிறாள். நீ அன்றே எழுதியிருந்தால் அந்த நிமிடமே பாரத்தை வாங்கியிருப்பேன். அது சொர்க்கமில்லை என்று நினைத்துக்கொள்ள என்னால் ஆகவில்லை.

அத்தானிடம் சொன்னேன். பாதி எழுதிய புது மனு மடியில் இருந்தது. "என் எழுத்தாலயா?" என்று கேட்டார். நான் உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள், மிகைப்படுத்தியது என்ற தாளில் கையெழுத்துப் போட்டார். அதோடு அவள் என்னென்ன செய்வாள் என்று உள்ளபடி ஒரு தாளில் எழுதச் சொல்லியிருந்தாயே, அதற்கு உட்கார்ந்தார். நாலு வரிக்கு மேல் போகவில்லை. "அவ தலைய அவளே சீவுவாளா?" என்று என்னைக் கேட்டார். "அஞ்சு வருசமா சீவுதா" என்றேன். "எனக்குத் தெரியாதே" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை மெட்ராஸில் இரண்டாவது பரிசோதனை. இந்தத் தடவை வயதான டாக்டர், நிதானமானவர். எங்களையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பெரிய மேசை. அதைப் பார்த்ததும் அத்தான் பழக்கத்தில் எழுந்து கைகூப்பிவிட்டார். ஆவுடை அவரைப் பார்த்தாள். அவளும் எழுந்து கைகூப்பினாள்.

"உட்காரும்மா. உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்? எங்கிட்டச் சொல்லு."

நான் பூவும் துணியும் சொல்லிக் கொடுத்திருந்தேன். ரயிலில்கூடக் கேட்டு வந்தேன். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அத்தான் வாசிப்பதற்கு முன் செய்வது போலவே.

"கருணையே உருவான ஐயா அவர்களின் பாதங்களில் கண்ணீரோடு சமர்ப்பிப்பது. ஒன்றுமே தெரியாது. தானாக உண்ணத் தெரியாது, உடுத்தத் தெரியாது..."

நான் "ஆவுடை" என்றேன். டாக்டர் கையை உயர்த்தி, "நீங்க பேச வேண்டாம்மா, அவளே சொல்லட்டும்" என்றார். இங்கேயும் இப்போது நேராக அவளிடம்தான் பேசுகிறார்கள், விஜி. மூன்று பக்கத்தையும் சொன்னாள். எங்கே குரலை இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினாள். "இந்த அபலைக்கு யாரும் இல்லை" என்ற இடத்தில் அத்தான் நிறுத்துவாரே, அந்த நிறுத்தமும் இருந்தது. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனம் இளகியது எனக்குத் தெரிந்தது. அது மனப்பாடம் என்று எடுத்துச் சொன்னேன். வீட்டில் அவள் செய்வதையெல்லாம் சொன்னேன். "புரியுதும்மா. ஆனா நான் கேட்டதுக்கு அவ சொன்னதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். எழுதும்போது அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிவு வர இன்னும் சில வாரம் ஆகுமாம். நீ வக்கீலிடம் அலைய வேண்டாம். எனக்கும் ஐப்பசி பிறந்து நாற்பத்தைந்து முடிந்துவிடும். அந்த அறையை வாடகைக்கு விடுவதானால் விடு.

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றோம். வழக்கம் போல யாராவது தலையைத் தடவுவார்களா என்று ஆவுடை எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"நான் நல்லாச் சொன்னேனாப்பா?"

அத்தான் அவள் தலையில் கையை வைத்தார்.

"ஒரு எழுத்துகூட விடல தாயி."

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா